ப்ராக் பழைய நகரத்தை கைடோட நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

செக் நாட்டோட தலைநகர் ப்ராக், அதோட பழைய நகரத்துல நீங்க நடக்கற தரை ஒரிஜினல் தரை கிடையாது. வல்டாவா ஆத்துல வெள்ளம் வந்து ஊருக்குள்ள புகுந்துட்டே இருந்ததால 13ஆம் நூற்றாண்டுல தெருவையெல்லாம் மண்ணு கொட்டி ஒசத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி கட்டின வீடுகளோட தரைத்தளம்தான் இன்னைக்கு பாதாள அறையா கீழ கிடக்கு, அதுக்கு மேல இடைக்காலத்து கோதிக் பாணி சுவர், அந்த சுவரை மூடிட்டு 17, 18ஆம் நூற்றாண்டு பரோக் பாணி முகப்பு, முகப்புல இன்னைக்கு ஒரு ஐஸ்கிரீம் கடை. தனியா நடந்தா அந்த ஐஸ்கிரீம் கடைதான் கண்ணுக்கு தெரியும். அதனாலதான் இந்த ஊருக்கு முதல் தடவ போறவங்க கண்டிப்பா ஒரு கைடோட நடக்கணும்னு அடிச்சு சொல்றேன்.

ஆனா கைடு சொல்றதை எல்லாம் அப்படியே எடுத்துக்கவும் கூடாது. ப்ராக்ல ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை இருக்கு, அதுல பாதி 19ஆம் நூற்றாண்டுல ஜோடிச்சது. அதனால நடை முழுக்க ஒரே ஒரு கேள்வியை கையில வெச்சுக்கோங்க: "இது ஆவணத்துல இருக்கா, இல்ல வாய்வழியா வந்த கதையா?" நல்ல கைடு இந்த கேள்விய கேட்டா சந்தோஷப்படுவாங்க, முகம் மாறினா அவங்க மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறாங்கனு புரிஞ்சுக்கலாம். கதையும் நல்லா இருக்கு, ஆவணமும் நல்லா இருக்கு, ரெண்டையும் தனித்தனியா தெரிஞ்சுக்கிட்டாதான் ஊரு முழுசா பிடிபடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி

வரலாறு புக்கு முழுசா படிக்க வேண்டாம், ஆனா கொஞ்சம் விஷயம் மண்டைல இருந்தா கைடு பேசறது சட்டுனு ஒட்டிக்கும். முதல்ல நாலாம் சார்லஸ். 1348ல யுனிவர்சிட்டி, 1357ல சார்லஸ் பாலம்னு சொல்ற கல்பாலம், ப்ராக் இன்னைக்கு இருக்கற அழகுக்கு பாதி காரணம் இந்த ராஜாதான். அடுத்து யான் ஹுஸ், சர்ச்சோட ஊழலை எதிர்த்து மக்களோட செக் மொழியிலயே பிரசங்கம் பண்ணவரு, 1415 ஜூலை 6ஆம் தேதி கான்ஸ்டன்ஸ் நகரத்துல உயிரோட எரிச்சாங்க. மூணாவது, 1620 நவம்பர்ல வெள்ளை மலை போர், அதுல செக் பிரபுக்கள் ஆஸ்திரியாவோட ஹாப்ஸ்பர்க் ராஜவம்சத்து படைகிட்ட தோத்தாங்க, அந்த தோல்வி அடுத்த முன்னூறு வருஷத்தையே மாத்திடுச்சு. கடைசியா 1945 மே மாசம், ஜெர்மன் படைக்கு எதிரா ப்ராக் மக்கள் கிளம்பின அந்த சில நாட்கள். இந்த நாலும் தெரிஞ்சா சதுக்கத்துல நிக்கற ஒவ்வொரு சிலையும் எதுக்கு அங்க நிக்குதுனு விளங்கும்.

காசு விஷயம். செக் நாட்டுல யூரோ கிடையாது, கொருனாதான். பழைய நகரத்துல இருக்கற எக்ஸ்சேஞ்ச் கடைகள்ல போர்டுல ஒரு ரேட் பெருசா எழுதியிருக்கும், உங்களுக்கு குடுக்கறது வேற ரேட்டா இருக்கலாம், அதனால காசை நீட்டறதுக்கு முன்னாடியே கைக்கு எவ்வளவு வரும்னு கேளுங்க. ஏமாந்துட்டோம்னு தோணினா மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட திரும்பி போய் கேன்சல் பண்ற உரிமை அந்த நாட்டு சட்டத்துலயே இருக்கு, நிறைய டூரிஸ்ட்டுக்கு இது தெரியறதே இல்ல. ஏடிஎம்ல "உங்க நாட்டு பணத்துல கணக்கு போடவா"னு கேட்டா வேண்டாம்னு அழுத்துங்க, கொருனாலயே எடுங்க.

செருப்பு, ஷூ. தெரு முழுக்க கல்லு பாவினது, நடைபாதை எல்லாம் சின்ன சின்ன கல்லா பதிச்ச மொசைக், மழை பெய்ஞ்சா வழுக்கும். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், அடிப்பகுதி கெட்டியா இருக்கற ஷூ போட்டுக்கோங்க. வயசான அப்பா அம்மாவை கூட்டிட்டு போறீங்கன்னா ரெண்டு மணி நேர நடைக்கு நடுவுல உக்கார இடம் இருக்கானு கைடுகிட்ட முன்கூட்டியே கேட்டுடுங்க, பெரிய குரூப்ல யாருக்காகவும் நிக்க மாட்டாங்க.

எந்த மாசம்னு கேட்டா, ஜூன்ல சூரியன் மறையவே ராத்திரி ஒன்பது தாண்டிடும், டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். டிசம்பர்ல போறவங்க காலைல நடையை புக் பண்ணுங்க, இல்லன்னா பாதி சிற்பம் இருட்டுல போயிடும்.

கைடை எப்படி தேர்ந்தெடுக்கறது

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, "ஃப்ரீ டூர்"னு குடையை தூக்கி பிடிச்சுட்டு சதுக்கத்துல நிப்பாங்க, முடிவுல நீங்க குடுக்கற டிப்ஸ்தான் அவங்க வருமானம். ஃப்ரீனு போட்டிருக்குனு சும்மா நழுவிடாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் தொண்டை கிழிய பேசுன ஒருத்தருக்கு ஒரு நல்ல சாப்பாட்டு காசாவது குடுக்கறதுதான் மரியாதை. இன்னொண்ணு, முன்கூட்டி காசு கட்டி புக் பண்றது, சின்ன குரூப் இல்லன்னா உங்க குடும்பத்துக்கு மட்டும். நாலு பேருக்கு மேல சேர்ந்து போறீங்கன்னா ரெண்டாவதுதான் என் சாய்ஸ், ஏன்னா முப்பது பேரு குரூப்ல பின்னாடி நிக்கறவங்களுக்கு ஒண்ணுமே கேக்காது, கேள்வியும் கேக்க முடியாது.

கழுத்துல கைடு கார்டு தொங்குதான்னு பாருங்க. புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டு, பாதாள அறை எதுக்காவது உள்ள கூட்டிட்டு போவீங்களா, யூதர் பகுதி இதுல சேர்ந்ததா இல்ல தனியானு கேளுங்க. யோசெஃபோவ்னு சொல்ற அந்த யூதர் பகுதிய பொது நடையோட கடைசி இருபது நிமிஷத்துல திணிச்சு முடிக்கற டூரை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அதுக்கு தனி நேரம் குடுக்கணும், ஏன்னு கீழ சொல்றேன்.

நடையை எங்க ஆரம்பிக்கறது: பவுடர் டவர்

மெட்ரோ பி லைன்ல நாமியெஸ்டி ரெபுப்ளிகி ஸ்டேஷன்ல இறங்குங்க. டிக்கெட் வாங்கினா மட்டும் போதாது, மஞ்சள் மெஷின்ல நேரம் முத்திரை குத்தணும், குத்தாம போனா டிக்கெட் கையில இருந்தாலும் ஃபைன்தான். வெளிய வந்தா ரெண்டு கட்டடம் ஒட்டி நிக்கும், ஒண்ணு கருப்பேறின கோதிக் கோபுரம், இன்னொண்ணு 1912ல முடிச்ச முனிசிபல் ஹவுஸ், ஆர்ட் நூவோ பாணியில கண்ணாடியும் மொசைக்குமா மின்னும். 1918 அக்டோபர் 28ஆம் தேதி வந்த செக்கோஸ்லோவாக்கியா சுதந்திர அறிவிப்பும் இந்த கட்டடத்தோட சேர்ந்ததுதான். உள்ள கஃபே இருக்கு, நடை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்.

கோபுரத்துக்கு 1475ல அடிக்கல் போட்டாங்க, பக்கத்துலயே அரண்மனை இருந்ததால கம்பீரமா ஒரு வாசல் வேணும்னு. கொஞ்ச வருஷத்துலயே ராஜா பாதுகாப்புக்காக மலை மேல இருக்கற கோட்டைக்கு குடி போயிட்டாரு, வேலை அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி வெடிமருந்து அடுக்கி வெச்சதால பவுடர் டவர்னு பேரு. இப்போ நீங்க பார்க்கற கூரையும் நிறைய சிற்பமும் 19ஆம் நூற்றாண்டு வேலை. எது பழசு எது புதுசுனு கைடை விரல் நீட்டி காட்ட சொல்லுங்க, நடையோட முதல் பாடமே அதுதான்.

செலெட்னா தெரு, வீட்டு அடையாளங்கள்

கோபுரத்துக்கு கீழ புகுந்தா செலெட்னா தெரு. அந்த காலத்து ராஜாக்களோட முடிசூட்டு ஊர்வலம் இதே வழியாதான் கோட்டைக்கு போச்சு. இங்க கடையை பார்க்காதீங்க, அண்ணாந்து வாசப்படிக்கு மேல பாருங்க. 1770 வரைக்கும் வீட்டுக்கு நம்பர் கிடையாது, அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிலையோ படமோதான் விலாசம். 1911-12ல யோசெஃப் கோசார்ங்கற ஆர்க்கிடெக்ட் கோணம் கோணமா இருக்கற கியூபிச பாணியில கட்டின வீட்டோட மூலையில ஒரு கூண்டுக்குள்ள கருப்பு மாதா சிலை இருக்கும், பழைய வீட்டோட அடையாளத்தை புது வீட்டுலயும் விட்டுடாம வெச்சிருக்காங்க.

இன்னைக்கும் ஒவ்வொரு வாசல்லயும் ரெண்டு நம்பர் பலகை இருக்கும், சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. தெருவுல வரிசையா வர நம்பர் நீலம்தான், சிவப்பு அந்த பகுதியோட பதிவு நம்பர். ஓட்டல் தேடறப்ப சிவப்பை பார்த்துட்டு அலையாதீங்க.

சதுக்கம்

செலெட்னா முடியற இடத்துல பழைய நகர சதுக்கம் பட்டுனு விரியும். எல்லாரும் நேரா கடிகாரத்துக்கு ஓடுவாங்க, நீங்க முதல்ல எதிர்ப்பக்கம் பாருங்க, டீன் சர்ச், 80 மீட்டர் உசர ரெட்டை கோபுரம். உள்ள வானியல் அறிஞர் டைகோ பிராகேவோட சமாதி இருக்கு, 1601ல செத்தாரு. அவருக்கு பாதரச விஷம் வெச்சு கொன்னுட்டாங்கனு ரொம்ப நாளா ஒரு கதை ஓடிச்சு, 2010ல சமாதிய திறந்து எலும்பையும் தாடி முடியையும் சோதிச்சாங்க, ஆளைக் கொல்ற அளவுக்கு பாதரசம் இல்லனு தெரிஞ்சுது. கைடு விஷக் கதையோட நிறுத்தினா மேல கேளுங்க.

சதுக்கத்துலயே கல்மணி வீடுனு ஒண்ணு இருக்கு, என் கணக்குல இந்த நடையோட முக்கியமான கட்டடம் அதுதான். ரொம்ப காலம் அது பரோக் காலத்து சாதாரண முகப்போட இருந்த வீடு. 20ஆம் நூற்றாண்டோட பிற்பாதில ரிப்பேர் பண்றப்ப பூச்சை உரிச்சு பார்த்தா உள்ள 14ஆம் நூற்றாண்டு கோதிக் கோபுர வீடு முழுசா ஒளிஞ்சிருந்தது, பூச்சையெல்லாம் எடுத்து பழைய முகத்தை வெளிய கொண்டு வந்துட்டாங்க. இத பார்த்த பிறகு மத்த வீடுகளோட அழகான முகப்பை பார்க்கறப்ப உள்ள என்ன இருக்கோனு தானா தோண ஆரம்பிச்சிடும்.

நடுவுல யான் ஹுஸ் சிலை, 1915ல அவரை எரிச்ச 500ஆம் வருஷத்துக்கு வெச்சது. கொஞ்சம் தள்ளி மாதா தூண், 1650ல வெச்சது, 1918 நவம்பர்ல ஹாப்ஸ்பர்க் ஆட்சியோட சின்னம்னு கூட்டம் சேர்ந்து கயிறு கட்டி இழுத்து சாய்ச்சிடுச்சு, 2020ல அதே மாதிரி ஒண்ணு செஞ்சு திருப்பி நிறுத்தியிருக்காங்க, ஊருக்குள்ள இன்னும் ரெண்டு கட்சியா பேசறாங்க. தரையில ஒரு பித்தளை பட்டை பதிச்சிருக்கும், அது ப்ராக் மெரிடியன், அதாவது வடக்கு தெற்கா போற கோடு, அந்த தூணோட நிழல் அதுல விழற நேரம்தான் அந்த காலத்துல ஊருக்கு நடுப்பகல்.

டவுன்ஹால் கிட்ட குனிஞ்சு பாருங்க, தரையில வெள்ளை கல்லுல 27 சிலுவை. வெள்ளை மலை தோல்விக்கு பிறகு 1621 ஜூன் 21ஆம் தேதி 27 தலைவர்களை இங்கதான் கொன்னாங்க, பிரபுக்கள், வீரர்கள், நகரத்து பெரிய மனுஷங்க. அதுல 12 பேரோட தலைய கல்பாலத்து கோபுரத்துல பத்து வருஷம் தொங்க விட்டிருந்தாங்க. இத மனசுல வெச்சுக்கோங்க, நடை அந்த கோபுரத்துக்குத்தான் போகப்போகுது. செல்ஃபி எடுக்கற கூட்டம் அந்த சிலுவைங்க மேலயே நிக்கறதை பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

டவுன்ஹால் கோபுரத்துக்கு பக்கத்துல கட்டடம் பிச்செடுத்த மாதிரி திடீர்னு முடியும், அந்த பக்கம் வெறும் மரமும் புல்லும். 1945 மே 8ஆம் தேதி ஜெர்மன் படை சுட்டதுல எரிஞ்ச பகுதி அது, திருப்பி கட்டவே இல்ல.

ஓர்லோய் கடிகாரம்

டவுன்ஹால் கோபுரத்துல இருக்கற வானியல் கடிகாரத்துக்குதான் ஓர்லோய்னு பேரு. காலை 9ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் மணிக்கு ஒரு தடவ பொம்மை ஆட்டம். எலும்புக்கூடு மணி அடிக்கும், ஜன்னல்ல இயேசுவோட சீடர்களான அப்போஸ்தலர்கள் ஊர்வலமா போவாங்க, சேவல் கூவும், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். எல்லாரும் மேல பார்த்துட்டு நிக்கறப்பதான் பிக்பாக்கெட் ஆளுங்களுக்கு வேலை, பையை முன்னாடி மாட்டிக்கோங்க. பொம்மை ஆட்டத்துக்காக கால் மணி நேரம் முண்டியடிக்கறதை விட, கூட்டம் கலைஞ்ச பிறகு அஞ்சு நிமிஷம் நின்னு கடிகார முகத்தை படிக்க கத்துக்கோங்க, அதுதான் உண்மையான அதிசயம்.

1410ல செஞ்சது. ஹானுஷ்னு ஒரு மாஸ்டர் செஞ்சாரு, வேற ஊருக்கு இதே மாதிரி செஞ்சு குடுத்துடக் கூடாதுனு கவுன்சில்காரங்க அவர் கண்ணை குருடாக்கிட்டாங்கனு கைடு சொல்லுவாங்க. அது கதை. 1410 தேதி போட்ட ஆவணத்துல இருக்கற பேரு கடான் ஊரு மிகுலாஷ், கடிகார வேலைக்காரர், கணக்கு போட்டு உதவினவர் யான் ஷிண்டெல்ங்கற வானியல் பேராசிரியர்னு சொல்றாங்க.

இப்போ முகத்தை பாருங்க. தங்கக் கை காட்டற ரோமன் எண் சாதாரண மணி. வெளிவட்டத்துல கோதிக் எழுத்துல 1ல இருந்து 24 வரைக்கும் இருக்கே, அது பழைய செக் நேரம், சூரியன் மறையறப்ப அன்னைய நாள் ஆரம்பம், அதனால அந்த வட்டமே வருஷம் முழுக்க முன்ன பின்ன நகரும். உள்ள வளைஞ்ச கோடுகள் பகல் பொழுதை உதயத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் 12 பங்கா பிரிக்கும், கோடைல ஒரு பங்கு நீளம், குளிர்காலத்துல குட்டை. நம்ம ஊர்ல ராகு காலத்துக்கு உதயாஸ்தமனத்தை எட்டா பிரிக்கறோமே அதே கணக்குதான், பங்கு மட்டும் வேற. தனியா சுத்தற சின்ன வட்டத்துல 12 ராசி, சூரியனும் சந்திரனும் எந்த ராசில இருக்குனு காட்டும், சந்திர உருண்டை பாதி வெள்ளி பாதி கருப்பு, தானா சுத்தி பிறையை காட்டும். ஆனா பஞ்சாங்கத்தோட ஒப்பிட்டு பார்த்தா ஒத்துக்காது, ஏன்னா இங்க சூரியன் மேஷத்துக்குள்ள நுழையறது மார்ச் 21 வாக்குல, நமக்கு சித்திரை பிறக்கறப்ப, ஏப்ரல் 14. பஞ்சாங்கம் பார்த்து பழகின தாத்தா பாட்டி கூட இருந்தா இந்த கடிகாரம் முன்னாடி அவங்கதான் கைடு.

நேரம் இருந்தா டவுன்ஹால் கோபுரம் மேல போங்க, லிஃப்ட் இருக்கு. கீழ பாதாள அறைகளும் உண்டு, நான் முதல்ல சொன்ன மூழ்கிப்போன பழைய தரை அங்கதான் நல்லா தெரியும்.

நடுப் பகுதி

ஹாவெல்ஸ்கா தெரு மார்க்கெட்டை சும்மா ஒரு சுத்து சுத்துங்க. பக்கத்துல எஸ்டேட்ஸ் தியேட்டர், மொசார்ட்டோட டான் ஜோவான்னி ஆபரா 1787 அக்டோபர் 29ஆம் தேதி முதல் தடவ இங்க அரங்கேறிச்சு, நடத்தினவரும் மொசார்ட்டே. அதை ஒட்டி கரோலினும், சார்லஸ் யுனிவர்சிட்டியோட மூலக் கட்டடம். தமிழ் ஆராய்ச்சில பெரிய பேரான கமில் சுவலபில் 1927ல ப்ராக்ல பிறந்து இதே யுனிவர்சிட்டில படிச்சவரு. பொதுவா கைடுங்க இத சொல்ல மாட்டாங்க, நீங்க சொல்லுங்க. தமிழ்ல இருந்து செக் மொழிக்கு ஒரு பாலம் போட்ட மனுஷன், அவர் நடந்த தெருவுல நாம நடக்கறோம்னு நினைச்சா எனக்கு பெருமையா இருக்கும்.

பெத்லஹேம் சேப்பல்ல ஹுஸ் 1402ல இருந்து பேசினாரு. இப்போ இருக்கறது 1950கள்ல மிச்ச சுவரை வெச்சு திருப்பி கட்டினது.

வழியில சாப்பாடு. சிம்னி மாதிரி சுருட்டி சர்க்கரை தூவின ட்ர்டெல்னிக், பழங்கால போஹீமிய, அதாவது செக் நாட்டு, பலகாரம்னு எழுதியிருப்பாங்க, ஆனா ப்ராக்ல அது டூரிஸ்ட் காலத்துல பரவினது, வேணும்னா சாப்பிடுங்க. சைவக்காரங்க மெனுல ஸ்மாஷெனி சீர், அதாவது மாவுல புரட்டி பொரிச்ச சீஸ், இல்லன்னா பிராம்போராக்னு உருளைக்கிழங்கு அடை தேடுங்க. பிராம்போராக்ல முட்டையும் சில இடத்துல பன்றிக் கொழுப்பும் சேரும், சூப்புல மாமிச தண்ணி இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. குழாய் தண்ணி தாராளமா குடிக்கலாம்.

பாலம்

கார்லோவா தெரு குறுகலா வளைஞ்சு வளைஞ்சு போகும், கூட்டம் நெரியும், சீக்கிரம் கடந்துடுங்க. வெளிய வந்தா பாலத்துக் கோபுரம், அந்த 12 தலை தொங்கினது இங்க. பாலத்துல ஏறறதுக்கு முன்னாடி கரைச் சுவர்ல ஒரு தாடிக்காரன் முகம் செதுக்கியிருக்கறதை காட்ட சொல்லுங்க, ப்ராடாச்னு பேரு, தண்ணி அவன் தாடியை தொட்டா வெள்ளம் வருதுனு அந்த காலத்துல தெரிஞ்சுக்குவாங்க. 1342 வெள்ளம் முந்தின பாலத்தை அடிச்சுட்டு போனதாலதான் இந்த பாலமே வந்தது.

1357 ஜூலை 9 காலை 5 மணி 31 நிமிஷத்துக்கு அடிக்கல் போட்டாங்க, 1 3 5 7 9 7 5 3 1னு எண் ஏறி இறங்குதுனு ஆர்வமா சொல்லுவாங்க. வருஷம் உறுதி, நிமிஷக் கணக்கு பின்னாடி வந்த யூகம். 516 மீட்டர் நீளம், 30 சிலை, நிறைய நகல்தான், ஒரிஜினலை மழைக்கு பயந்து மியூசியத்துல வெச்சிருக்காங்க. நெபோமுக் யான்ங்கற பாதிரியார் சிலைக்கு கீழ பித்தளைய எல்லாரும் தொட்டு தொட்டு பளபளனு இருக்கும். ராணியோட பாவமன்னிப்பு ரகசியத்தை சொல்ல மாட்டேன்னதால ராஜா அவரை ஆத்துல தள்ளினாருங்கறது கதை, 1393ல ராஜாவுக்கும் ஆர்ச்பிஷப்புக்கும் ஒரு மடத்து பதவி விஷயத்துல வந்த சண்டையில அவர் மாட்டிக்கிட்டாருங்கறது வரலாறு. தூக்கி போட்ட இடத்துல கைப்பிடி சுவர்ல ஒரு சின்ன சிலுவை இருக்கு, அதை தேடி பாருங்க, அங்க கூட்டம் இருக்காது.

யோசெஃபோவ், இன்னொரு நாள்

இத தனியா வெச்சுக்கோங்க, சனிக்கிழமையும் யூத பண்டிகை நாளும் மூடியிருக்கும். ஏ லைன்ல ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா ஸ்டேஷன். ஆண்கள் தலையை மூடணும், தொப்பி எடுத்துட்டு போங்க. 1890கள்ல சுகாதாரம்னு சொல்லி பழைய யூதர் தெருக்களை இடிச்சுட்டாங்க, இப்போ அந்த இடத்துல பாரிஷ்ஸ்கா தெருவுல விலை உயர்ந்த பிராண்டு கடைகள். மிஞ்சினது சில சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்), டவுன்ஹால், கல்லறை.

13ஆம் நூற்றாண்டு பழைய-புதிய சினகாக்ல இன்னைக்கும் பிரார்த்தனை நடக்குது. அதோட மச்சுல கோலெம்னு ஒரு களிமண் மனுஷன் தூங்கறான்னு சொல்ற கதைல வர யூத குரு ரப்பி லோவ் நிஜ மனுஷன், பெரிய அறிஞர், 1609ல காலமானாரு, கல்லறையில அவர் சமாதி இருக்கு. களிமண் கதை அவர் போய் ரொம்ப காலம் கழிச்சு அவரோட ஒட்டிக்கிட்டது. 1787 வரைக்கும் அடக்கம் நடந்த கல்லறை அது, வேற இடம் குடுக்காததால மேல மேல மண்ணு போட்டு அடுக்கா புதைச்சாங்க, அதனாலதான் சுமார் 12,000 கல்லு ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்குது.

பின்காஸ் சினகாக் சுவர்ல நாஜிக்கள் கொன்ன போஹீமியா, மொராவியா யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரோட பேரு கையால எழுதியிருக்கு, ஊரு, பேரு, பிறந்த தேதி, கடைசியா தகவல் வந்த தேதி. கம்யூனிஸ்ட் காலத்துல வருஷக்கணக்கா மூடி வெச்சு ஈரம் ஏறி அழிஞ்சு போச்சு, 1990கள்ல உக்காந்து ஒவ்வொரு பேரா திருப்பி எழுதினாங்க. மாடியில, நாஜிக்கள் யூதர்களை அடைச்சு வெச்ச தெரெசின் முகாம்ல இருந்த குழந்தைகள் வரைஞ்ச படங்கள். இங்க கைடை பேச விடாதீங்க, வெளியவே எல்லாத்தையும் கேட்டுட்டு உள்ள அமைதியா போங்க. சின்ன பிள்ளைங்களை மாடிக்கு கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லி வைங்க.

நடை முடிஞ்ச பிறகு

கைடு போனதும் அன்னைக்கே ராத்திரி, இல்லன்னா மறுநாள் விடிகாலைல ஏழு மணிக்கு முன்னாடி, அதே வழியில தனியா ஒரு தடவ நடங்க. பகல்ல தலைகளுக்கு நடுவுல பார்த்த வீட்டு அடையாளங்களை நிதானமா பார்க்கலாம், பாலத்தோட மறுகோடி வரைக்கும் நடந்து போகலாம். கோட்டையையும் அதே நாள்ல சேர்க்காதீங்க, அது தனியா அரை நாள் வேலை, மலோஸ்ட்ரான்ஸ்கா ஸ்டேஷன்ல இருந்து 22ஆம் நம்பர் டிராம் நேரா மேல கொண்டு போய் விடும்.